ஆற்றின்மேல் ஓர் ஆறு

இருபது வருஷங்களாக நான் சரித்திர பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். டல்ஹௌசி பிரபுவின் காலத்து நிகழ்ச்சிகள் என்ற தலைப்பு வரும்போதெல்லாம், ரயில், தந்தி, தபால் இவற்றோடு "கங்கைக் கால்வாய், 1854" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவது வழக்கம். பையன்கள் அதைப் பார்த்து எழுதிக் கொள்வார்கள், பரீட்சையில் ஒப்பிப்பார்கள், ஒரு மார்க் வாங்குவார்கள். அந்த ஒரு மார்க் சமாசாரம் எவ்வளவு பெரியது என்பது, காவிரி பாயும் சீமையிலே பிறந்து வளர்ந்த எனக்கு, நாற்பத்தாறாவது வயதில் ரூர்க்கி நகரத்துப் பாலத்தின்மேல் நின்று கீழே குனிந்து பார்க்கிற வரையில் தெரியாது.

ரூர்க்கிக்கு நான் கால்வாய் பார்க்கப் போகவில்லை. தூதனாகப் போனேன்.

என் தமக்கையின் பெண் சென்னையில் சிவில் இஞ்சினீயரிங் தேறி, அகில இந்தியப் பரீட்சை ஒன்றும் எழுதி, ரூர்க்கி ஐ.ஐ.டி.யிலே தண்ணீர் சம்பந்தமான மேற்படிப்புக்கு இடம் வாங்கினாள். அக்கா ஊரெல்லாம், "என் பெண் அணைக்கட்டுப் படிப்பு படிக்கிறாள்" என்று சொல்லிப் பூரித்துப் போயிருந்தாள். இப்படி ஒரு வருஷம் கழிந்தது. இரண்டாம் வருஷ ஆரம்பத்தில் பெண்ணிடமிருந்து டெலிபோன் வந்தது. ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் அணைக்கட்டு அல்லவாம்; வீடுகளின் செப்டிக் டாங்கில் சேருகிற கசடாம்!

அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"தம்பி! நீ போய் அவளிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வா. பெண் பார்க்க வருகிறவர்கள், என்ன படிக்கிறாள் என்று கேட்டால் நான் என்னத்தைச் சொல்வேன்? சாக்கடைப் படிப்பு என்றா சொல்வது?" என்றாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நானும் அக்காவின் கட்சிதான். காலாண்டு விடுமுறை ஆயுத பூஜையோடு சேர்ந்து வந்தது. டில்லி வரை ஒரு ரயில், அங்கிருந்து ஹரித்துவார் மார்க்கத்தில் இன்னொரு ரயில். மூன்றாம் நாள் காலை ரூர்க்கியில் இறங்கினேன். ரயில் பிரயாணத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் அது ஒரு தனிப் புராணமாகிவிடும்; விட்டு விடுகிறேன்.

ஊரின் நடுவே கால்வாய் ஓடுகிறது. கால்வாய் என்ற சொல்லே அதற்குப் பொருத்தமில்லை. எங்கள் ஊர் ஆறுகள் ஏழெட்டைச் சேர்த்துக் கட்டினாற் போன்ற பிரவாகம். மழைக் காலத்துக் கடைசி ஆகையால் சாம்பல் நிறத்தில், சத்தமே இல்லாமல், ஆனால் பயங்கரமான வேகத்தோடு போய்க் கொண்டிருந்தது. கரையிலே படித்துறைகள். சிறிது தூரத்தில் இரண்டு பெரிய சிங்கங்கள் கம்பீரமாய் உட்கார்ந்து கொண்டிருந்தன.

"மாமா, இங்கே பாருங்கள்! இதுதான் எங்கள் முதல் பாடப் புத்தகம்" என்று பெண் என்னைத் தொட்டிப்பாலத்துக்கு அழைத்துப் போனாள்.

ஸோலானி என்று ஓர் ஆறு குறுக்கே வருகிறது. கால்வாயோ நிற்க முடியாது. மட்டமும் இழக்கக் கூடாது. ஆகவே ஆற்றின்மேலே பாலம் கட்டி, பாலத்தின்மேலே கால்வாயை ஓட விட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 50 அடி அகலமுள்ள 15 வளைவுகள். கீழே மணலும் நீருமாக ஸோலானி, மேலே கங்கை. பக்கத்திலே பிற்காலத்தில் கட்டிய புதிய தொட்டிப்பாலமும் இருக்கிறது. ஆனால் என் கண் பழைய செங்கல்லை விட்டு அகலவில்லை. இந்த வேலைக்கு மண் சுமக்க 1851ஆம் வருஷமே இங்கே நீராவி எஞ்சின் ஒன்று ஓடிற்று என்பதைப் பெண் சொன்னாள். பம்பாயில் பிரயாணிகள் ரயில் ஓடியது 1853இல். சரித்திர வாத்தியாருக்கே சரித்திர பாடம்!

ஹரித்துவாருக்கும் ரூர்க்கிக்கும் இடையே இருபது மைலுக்குள் நான்கு காட்டாறுகள் இந்தக் கால்வாயை மறிக்கின்றன. ராணிப்பூரிலும் பத்ரியிலும் காட்டாறு கால்வாயின் தலைமேல் ஏறிப் போகிறது. தனௌரியில் இரண்டும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றன. காட்டாற்று வெள்ளம் ஒரு பக்கமாய் உள்ளே வந்து மறு பக்கத்து மதகுகள் வழியாய் வெளியே போய்விடுகிறது. நாலாவது இடமாகிய ரூர்க்கியில் கால்வாய் ஆற்றின்மேல் ஏறுகிறது. எதிரே வருகிறவனுக்கு வழிவிட உலகத்திலே எத்தனை விதம் உண்டோ அத்தனையையும் இந்த இருபது மைலுக்குள் பார்த்துவிடலாம்.

இதைக் கட்டினவர் பிராபி காட்லி என்ற ஆங்கிலேயர். 1837-38இல் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. சுமார் 8 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது மதிப்பு. அதன் பிறகே கம்பெனியார் கண் விழித்தார்கள். கண் விழித்தது தருமத்தினால் மாத்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜனங்கள் மடிந்தால் நிலவரியும் மடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். வேலை 1842இல் தொடங்கி 1854 ஏப்ரல் 8இல் தண்ணீர் விடப்பட்டது. தாய்க் கால்வாய் மட்டும் 560 கிலோமீட்டர். கட்டிக் கொண்டிருக்கும்போதே வேலை தெரிந்த ஆட்கள் போதவில்லை. சீமையிலிருந்து எத்தனை பேரைத்தான் கப்பலேற்ற முடியும்? ஆகவே 1847இல் தாமஸன் என்ற கவர்னர் கால்வாய்க் கரையிலே ஒரு கலாசாலை ஆரம்பித்தார். அதுதான் 1949இல் ரூர்க்கி சர்வகலாசாலையாகி, 2001இல் ஐ.ஐ.டி.யாயிற்று. கால்வாய்க்குப் பிறந்த பிள்ளை இந்தக் கலாசாலை.

(கிண்டி அபிமானிகள் கோபிக்க வேண்டாம். நம் கிண்டிக் கலாசாலையின் மூலமாகிய சர்வே பள்ளிக்கூடம் 1794இலேயே தோன்றிவிட்டது என்பதை அங்கே இரண்டு மூன்று பேரிடம் அழுத்தமாகவே சொல்லிவிட்டு வந்தேன்.)

நமக்கும் இந்தக் கால்வாய்க்கும் ஒரு பந்தம் உண்டு. காவிரியிலும் கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் வேலை செய்து பெயர் வாங்கிய ஆர்தர் காட்டன், 1860களில் இங்கே வந்து பார்த்து, காட்லி செய்ததில் குற்றம் கண்டார். தலைமதகு வைத்த இடம் தவறு, கால்வாயின் சரிவு அதிகம் என்று எழுதினார். காட்லி பதில் எழுதினார். இருவருக்கும் பலத்த காகிதச் சண்டை. இடத்தைப் பற்றி யார் சொன்னது சரியோ, சரிவு அதிகம் என்பது உண்மையாயிற்று. தண்ணீர் தரையை அரித்ததால் பின்னால் திருத்த வேண்டி வந்தது. அந்தக் காட்டனோ, ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் நிறுத்தும் வித்தையை நம் கல்லணையைக் கட்டினவர்களிடமிருந்தே கற்றுக் கொண்டதாக ஒப்புக் கொண்டவர். அந்த வித்தைக்குக் கணக்கு எழுதியவர்களுள் முக்கியமானவர் ஏ. என். கோஸ்லா. அணைக்கு அடியிலே மணலுக்குள் ஊறிப் போகும் நீர், வெளியே வரும் இடத்தில் மணலைக் கிளப்பிக் கொண்டு போனால் அணை கவிழும்; எவ்வளவு வேகம் வரை ஆபத்தில்லை என்பதை 1936இல் வெளியான நூலில் அவரும் கூட்டாளிகளும் வகுத்துக் கொடுத்தார்கள். பின்னால் அவரே ரூர்க்கியின் துணை வேந்தரானார். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் இஞ்சினீயர்களுக்கு நீர்வளப் படிப்புச் சொல்லிக் கொடுக்க இங்கே 1955இல் தனி ஸ்தாபனமே ஏற்பட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் வெளிநாட்டு மாணவர்கள் சிலர் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுக் கொண்டிருந்ததை நானே பார்த்தேன். வேலை கற்றுக் கொடுக்க ஆள் இல்லை என்று கம்பெனியார் திண்டாடிய இடத்துக்கு, இன்று பிற தேசத்தார் கற்றுக் கொள்ள வருகிறார்கள்! அன்று பகல் முழுவதும் என் நடையே சற்று மாறிப் போயிருந்தது என்றால் மிகையில்லை.

இவ்வளவு பெருமை பொருந்திய வித்தையை விட்டு, இந்தப் பெண் செப்டிக் டாங்கில் போய் விழுவானேன்? தூதன் தன் காரியத்தை நினைவுபடுத்திக் கொண்டான்.

"என்னம்மா, காட்லி, காட்டன், கோஸ்லா என்று இத்தனை பேர் வரிசையாக நிற்கிறார்களே, அந்த வரிசையில் போய் நிற்கக் கூடாதா?" என்றேன்.

"நாளைக்குச் சொல்கிறேன், மாமா. முதலில் பரிசோதனைச் சாலைக்கு வாருங்கள்" என்றாள்.

பரிசோதனைச் சாலையில் துர்நாற்றம் இருக்கும் என்று மேல்வேஷ்டியை மூக்கருகே தயாராக வைத்துக் கொண்டு போனேன். அப்படி ஒன்றும் இல்லை. நம் பள்ளிக்கூடத்து ரசாயன அறையின் வாசனைதான். பெண் 300 மில்லி பிடிக்கும் ஒரு கண்ணாடிப் புட்டியில் கால்வாய்த் தண்ணீரை நிரப்பி, இரண்டு மருந்துகளைத் துளித்துளியாய் விட்டாள். பழுப்பு நிறத்தில் திரிந்து அடியில் இறங்கிற்று. அமிலம் விட்டதும் திரிவு கரைந்து பொன்னிறமாயிற்று. கஞ்சிப் பசை விட்டதும் நீலம்! பிறகு மேலே இருந்த குழாயைத் திருகிச் சொட்டுச் சொட்டாக வேறொரு திராவகத்தை விட்டுக் கொண்டே வந்தாள். ஏதோ ஒரு சொட்டில் அந்த நீலம் திடீரென்று மறைந்து வெறும் தண்ணீராயிற்று. எத்தனை சொட்டு செலவாயிற்று என்று பார்த்தால், தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு இவ்வளவு என்று கணக்குத் தெரிந்துவிடுகிறது.

இதைத் தண்ணீர் எடுத்த அன்று ஒரு தடவையும், சில நாள் இருட்டில் மூடி வைத்து ஒரு தடவையும் செய்கிறார்கள். அழுக்கு இருந்தால் அதைத் தின்ன நுண்ணுயிர்கள் பெருகும். அவை பிராணவாயுவைக் குடித்துவிடும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு அழுக்கு. குளிப்பதற்கு ஏற்ற ஆற்றுநீரில் இந்தக் கணக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது நம் தேசத்து விதி.

எத்தனை நாள் மூடி வைப்பது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தச் சோதனையைப் பிரபலப்படுத்தியது இங்கிலாந்து. அங்கே ஐந்து நாள் என்று வைத்தார்கள். அந்நாட்டு ஆறுகளில் விழுந்த தண்ணீர் ஐந்து நாளுக்குள் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அப்புறம் யாருக்குக் கவலை என்பதே காரணம் என்று வகுப்பில் சொல்வதுண்டாம். சூடும் 20 டிகிரி. அவர்கள் ஊர்க் குளிர். நம் கங்கையோ 2,500 கிலோமீட்டர் ஓடுகிறது. ஐந்து நாளில் எங்கே கடல்? நம் விஞ்ஞானிகள் நம் வெயிலுக்கு ஏற்றபடி 27 டிகிரி, மூன்று நாள் என்று திருத்திக் கொண்டார்கள். அரசியலில் சுயராஜ்யம் வாங்கிய கதையை வகுப்பிலே சொல்லியிருக்கிறேன். புட்டிக்குள் வாங்கிய இந்தச் சுயராஜ்யத்தை இதுவரை சொன்னதில்லை.

நிற்க. விஜயதசமி இரவு ஹரித்துவாரில் கால்வாயின் தலைமதகை மூடினார்கள். வருஷந்தோறும் தசரா முதல் தீபாவளி வரை தூர் எடுக்கவும் பழுது பார்க்கவும் மூடுவது வழக்கம். மறு நாள் காலை பெண் என்னைக் கரைக்கு அழைத்துப் போனாள்.

முந்தின நாள் அத்தனை கம்பீரமாய்ப் போன கங்கை இறங்கிப் போயிருந்தது. சேறும் தேங்கிய குட்டைகளுமாய்த் தரை தெரிந்தது. அதன்மேல் துணி, பிளாஸ்டிக் பை, அழுகிய மாலை, சட்டம் போட்ட சுவாமி படம், ஒற்றைச் செருப்பு. எங்கிருந்தோ ஒரு குழாய் கரைச் சுவரைத் துளைத்துக் கொண்டு கருநீரைச் சொட்டிக் கொண்டிருந்தது. நேற்றும் அது சொட்டிக் கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

ஹரித்துவாருக்குப் போனோம். அங்கேயும் வற்றிய தரையில் ஜனங்கள் சல்லடையும் காந்தமும் வைத்துக் கொண்டு நாணயம் தேடிக் கொண்டிருந்தார்கள். ஹர் கீ பௌரியின் படித்துறையில் கணுக்கால் அளவு தண்ணீர். இந்தப் படித்துறைக்குத் தடையில்லாமல் கங்கை வர வேண்டும் என்று பண்டித மதன்மோகன் மாளவியா சுதேச மன்னர்களையும் சேர்த்துக் கொண்டு சர்க்காரோடு போராடி, 1916இல் உடன்படிக்கை வாங்கினார். தண்ணீர் வர வேண்டும் என்பதற்கு நம்மவர் போராடியிருக்கிறார்கள். வந்த தண்ணீர் எப்படித் திரும்பிப் போகிறது என்பதற்கு அப்படி யாரும் போராடினார்களா என்று யோசித்துப் பார்த்தேன். என் சரித்திரப் புத்தகத்தில் இல்லை.

பெண் தன் ஆசிரியர் மூலம் அனுமதி வாங்கி வைத்திருந்தாள். ஹரித்துவாரின் தென்புறத்தில் ஜக்ஜீத்பூர் என்னும் இடத்தில், நாளொன்றுக்கு 6 கோடியே 80 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்தி செய்யும் நிலையம் இருக்கிறது, 2020இல் திறந்தது. ராட்சதத் தொட்டிகள். அடியிலிருந்து காற்று கொப்புளித்துக் கொண்டு வருகிறது. உள்ளே இருப்பது சாக்கடைதான். ஆனால் காற்றை ஊட்டி ஊட்டிக் கோடானுகோடி நுண்ணுயிர்களை வளர்த்திருக்கிறார்கள். அவை அழுக்கைத் தின்கின்றன. குறிப்பிட்ட நேரத்தில் காற்றை நிறுத்திவிடுகிறார்கள். கலக்கம் அடங்குகிறது, கொழுத்த நுண்ணுயிர்கள் சேறாக அடியில் படிகின்றன, மேலே தெளிந்ததை வடித்துவிட்டு அடுத்த வயிற்றுக்கு நிரப்புகிறார்கள். நம் வீட்டில் கலங்கல் தண்ணீரைத் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளிய வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி புரிந்துவிடும்.

படிந்த சேற்றை வீணாக்காமல் திரும்பவும் புதுச் சாக்கடையில் சேர்த்தால் வேலை துரிதமாகும் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர், மாஞ்செஸ்டரில், 1914இல். அவர்களுக்கு வழிகாட்டியான பௌலர் என்ற ரசாயனி 1916இல் பெங்களூர் விஞ்ஞான ஸ்தாபனத்துக்குப் பேராசிரியராக வந்துவிட்டார். வித்தை பிறந்து இரண்டே வருஷத்தில் நம் வாசலுக்கு வந்தாயிற்று. அதற்குப் பின் நூற்றாண்டு கழித்து, 2020-21இல் எடுத்த சர்க்கார் கணக்கைப் பெண் காட்டினாள். நம் நகரங்களில் நாள்தோறும் உண்டாகும் கழிவுநீர் சுமார் 7,236 கோடி லிட்டர். அதில் சுத்தியானது சுமார் 2,023 கோடி. பாக்கியெல்லாம் எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்து வாய்க்கால் எனக்குத் தெரியும். அதில் நான் நீந்தக் கற்றுக் கொண்டேன். இன்று அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை.

சாயங்காலம் தொட்டி ஓரத்துக் கம்பியைப் பிடித்துக் கொண்டு நின்றபோது பெண் தானாகவே பேசினாள்.

"மாமா, நான் பத்தாவது படிக்கிறபோது நம் தெருக் கோடியில் நடந்ததை மறந்துவிட்டீர்களா?"

மறக்கவில்லை. அவன் எட்டாம் வகுப்பில் என் மாணாக்கன். கணக்கிலே புலி. அதற்கு மேல் படிக்க வசதி இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டு செப்டிக் டாங்கைச் சுத்தம் செய்ய இறங்கினவன் ஏறவில்லை. தூக்கப் போன அவன் சிற்றப்பாவும் ஏறவில்லை. ஆளை இறக்கக் கூடாதென்று 2013இலேயே சட்டம் வந்திருந்தது. வீட்டுக்காரர் ஏதோ பணம் கொடுத்தார். தெருவார் இரண்டு நாள் பேசினோம். நானும் பேசினேன். அவன் உட்கார்ந்த பெஞ்சியில் இப்போது வேறு பையன் உட்காருகிறான்.

"அந்தத் தொட்டியில் இருந்தது ஹைட்ரஜன் சல்பைடு, மாமா. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மிஞ்சினால் மூக்கே மரத்துப் போய்விடும். நாற்றம் நின்றுவிட்டது, இனிமேல் இறங்கலாம் என்று அவர் நினைத்திருப்பார். முதல் வருஷம் வகுப்பில் இதைச் சொன்ன அன்றைக்கு நான் எழுந்து வெளியே போய்விட்டேன்" என்றாள்.

சிறிது நேரம் கழித்து மேலும் சொன்னாள். பெரிய நகரங்களுக்குப் பாதாளச் சாக்கடை போடலாம், இப்படி நிலையம் கட்டலாம். எங்கள் ஊர் போன்ற சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு தொட்டிதான். அது நிரம்பினால் லாரி வந்து உறிஞ்சிப் போய் இருட்டோடு இருட்டாக ஆற்றிலோ வாய்க்காலிலோ கொட்டுகிறது. சாக்கடை நீரைவிட அந்தக் கசடு பல மடங்கு கெட்டியானது. ஆகையால் அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். தமிழ்நாட்டில் கருங்குழி என்ற பேரூராட்சியில் அதற்கென்றே 2017இல் ஒரு நிலையம் வேலை செய்யத் தொடங்கிற்றாம். எத்தனை தொட்டி, எவ்வளவு கசடு, எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை எடுப்பது, ஆள் இறங்காமல் எடுப்பது எப்படி என்பவற்றை நம் ஊருக்கே கணக்கிட்டுக் கொடுப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"அம்மா சொல்லச் சொன்னதை இன்னும் நீங்கள் சொல்லவில்லையே, மாமா?" என்று கேட்டாள்.

"சொல்வதற்கென்று ஒன்றும் இல்லை, அம்மா" என்றேன்.

இரவு ரயிலுக்கு வந்தபோது அவள் ஒரு கட்டுக் காகிதத்தை என் பையில் வைத்தாள். வீட்டுக்கு ஒன்றாக நிரப்ப வேண்டிய கேள்விகள். தொட்டி எப்போது கட்டியது, நீள அகலம் என்ன, கடைசியாக எடுத்தது எந்த வருஷம், எடுத்தவர் யார், மூடி எங்கே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு தெருத் தெருவாக எழுதி அனுப்ப வேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை.

பள்ளிக்கூடம் திறந்ததும் தொடங்கிவிட்டோம். முதல் காகிதத்தை அக்கா வீட்டில் நானே நிரப்பினேன். தூது என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். தூதன் எதிர்க் கட்சியில் சேர்ந்துவிட்டான் என்றேன். அவள் என்னோடு பேசாமல் உள்ளே போய்விட்டாள். சற்று நேரம் பொறுத்து வெளியே வந்து, கேள்வி ஒவ்வொன்றுக்கும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக் கொண்டு பதில் சொன்னாள். தொட்டி கட்டியது 1998. கடைசியாக எடுத்தது எப்போது என்பது ஞாபகமில்லை. மூடி எங்கே என்று கேட்டேன். முற்றத்துக்கு வந்து இங்கும் அங்கும் பார்த்தாள். போன வருஷம் புதுத் தரை போட்டபோது அதன்மேலேயே ஓடு பதித்துவிட்டார்களாம்; எந்த ஓட்டின் அடியில் என்று அவளுக்குத் தெரியவில்லை.